சொறிக்காகத் திறந்த வழி

இழுவைவலையின் கடைசிப் பையை நம் மீனவர்கள் மடி என்பார்கள். நியூசிலாந்தின் தென்தீவுக்கும் தெற்கே ஏறத்தாழ 465 கி.மீ. தள்ளி இருக்கின்றன ஆக்லாந்துத் தீவுகள். அங்கே கணவாய் பிடித்த கப்பல்களின் மடியில் 1990-களில் கடற்சிங்கங்களும் செத்து ஏறின. அதே கணவாயைத் துரத்தி வலைக்குள் போனவை. மூச்சுவிட மேலே வர வழியில்லை.

செத்தவற்றில் தாய்களும் உண்டு. டிசம்பர், ஜனவரியில் ஈன்று, சில நாட்களில் மறுபடி இணைசேர்ந்து, குட்டிக்குப் பால் சுரக்க வேண்டுமே என்று இரைதேடிக் கடலுக்குப் போகும். கணவாய்ப் பருவமும் பிப்ரவரியில் சூடுபிடிக்கும். தாய் வலையில் போனால் வயிற்றுக் கருவும் போயிற்று; அத்தீவுகளில் ஒன்றான எண்டர்பி தீவின் மணலில் காத்துக் கிடக்கும் குட்டி பட்டினியால் சாகும். அதை ஒரே சாவு என்று எழுதும் கணக்கை என்னால் ஏற்க முடியவில்லை.

அரசு சாவுக்கு வரம்பு வைத்தது. வரம்பை எட்டிவிட்டால் பருவம் முடியுமுன்பே மீன்பிடிப்பை நிறுத்த வேண்டும். அந்த நெருக்கடியில்தான், 2001 வாக்கில், கம்பித் தடுப்பு வலைக்குள் வந்தது.

அந்தத் தடுப்பின் தொடக்கம் அமெரிக்காவின் ஜார்ஜியா கரையில். இறால் வலையைச் சொறிமீன்கள் அடைத்துக் கனக்க வைத்ததால், 1960-களில் சிங்கி பூன் என்ற மீனவர் அவற்றை வெளியே தள்ள ஒரு கம்பிச் சட்டகம் செய்தார். அவ்வழியே ஆமைகளும் தப்பின. 1987-ல் ஆமைக்காகவே அங்கே விதி வந்தது.

கடற்சிங்கத்துக்கானது மடிக்கு முன்னால் சாய்வாக நிற்கும் உலோகச் சட்டம். கம்பிக்குக் கம்பி 23 செ.மீ. இடைவெளி. கணவாய் நழுவி மடிக்குள் போய்விடும். கடற்சிங்கம் கம்பியில் முட்டி, சாய்வோடு மேலேறி, வலையின் மேற்புறத் திறப்பை அடையும். மூச்சுக்குத் தவிக்கும் உயிர் மேல்நோக்கித்தானே போகும்? திறப்பு மூடிக்கொள்ளாதபடி மிதவைகள் தூக்கிப் பிடிக்கும்.

கப்பல் தளத்தில் உடல்கள் குறைந்தன. ஆனால் கம்பியில் மோதி வெளியேறியவை பிழைத்தனவா? மீட்ட உடல்களின் பிணப்பரிசோதனையில் தெரிந்த காயங்களில் பல, உடலை உறையவைத்ததால் வந்தவை என்று பிறகு தெரிந்தது. வாதம் அதோடு ஓயவில்லை. 1998-ல் 3,021 குட்டிகள் பிறந்த அந்தத் தீவுகளில் 2009-ல் பிறந்தவை 1,501. இடையில் நோயும் குட்டிகளைக் கொன்றது. தப்பி நீந்திய தாய் கரை சேர்ந்தாளா என்பதை எந்தக் கப்பல் தளத்திலும் எண்ண முடியாது.