அரண்மனைப் பேயின் பூர்வகதை

பேய்களுக்கும் சரித்திரம் உண்டு. ஒரு நாட்டு மக்கள் எத்தகைய பேய்க்கு அஞ்சுகின்றார்கள் என்பதை ஆராய்ந்தால், அந்நாட்டில் நிலம் எவர் கையில் இருந்தது, பெண் எவ்வாறு நடத்தப்பட்டாள், அயல்மொழி பேசுவோர் எவ்வாறு நோக்கப்பட்டனர் என்பன யாவும் தாமே வெளிப்பட்டுவிடும். இதற்குத் தக்க சான்றாக, முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்தியத் திரையுலகில் உலவிவரும் ஓர் அரண்மனைப் பேயை எடுத்துக்கொள்வோம். மலையாளத்தில் நாகவல்லி என்றும், தமிழில் சந்திரமுகி என்றும், இந்தியில் மஞ்சுளிகா என்றும் பெயர் பூண்ட அந்த நாட்டியக்காரியை நமது தீவகத்துப் பாடசாலைப் பிள்ளைகளும் நன்கறிவர். அவள் பெயரைச் சொல்லி ஒருவரையொருவர் வெருட்டி விளையாடவும் செய்கின்றனர்.

1993 டிசம்பரில், பாசிலின் நெறியாள்கையில், மது முட்டம் எழுதிய 'மணிச்சித்திரத்தாழ்' வெளிவந்தது. யாழ்ப்பாணக் குடாநாடு மின்சாரமின்றி இருளில் மூழ்கியிருந்த காலம் அது. அதனால் அப்படம் அன்று நம்மை எட்டவில்லை. அதன் கதை யாவரும் அறிந்ததே. மாடம்பள்ளி என்னும் பெருங்குடியின் தலைவனான சங்கரன் தம்பி, தஞ்சாவூரிலிருந்து நாகவல்லி என்ற நாட்டியக்காரியைக் கொண்டுவந்து தன் வீட்டின் தெற்குக் கட்டில் அடைத்துவைக்கிறான். அவளோ எதிர்வீட்டில் வாழும் நட்டுவனான இராமநாதனை விரும்புகிறாள். துர்க்காஷ்டமி இரவில் தம்பி அவளைக் கொன்றுவிடுகிறான். நூறாண்டுகளின் பின் அவ்வீட்டுக்கு வரும் கங்கை என்னும் இளம் மனைவி, பூட்டப்பட்ட அறையைத் திறக்கிறாள், நாகவல்லியாக மாறுகிறாள்.

அப்படத்தின் சிறப்பு யாது? அதில் பேய் இல்லை. கங்கைக்கு நேர்ந்தது உளநோயே என்று மருத்துவர் சணி நிறுவுகிறார். சிறுவயதில் பெற்றோர் அவளைப் பாட்டியிடம் விட்டுச் சென்றதும், பின்னர் அவ்வூரிலிருந்து அவளைப் பிரித்தெடுக்க முயன்றதும், தனிமையும் அந்நோயின் வேர்கள் என்று காட்டப்படுகிறது. மந்திரவாதி ஒருவரும் உடனிருக்கிறார் என்பது மெய்தான். ஆயினும் அவரும் வைத்தியனின் திட்டத்துக்குத் துணைநிற்பவரே. இறுதியில் நாகவல்லி வெட்டுவது ஓர் உருவப்பொம்மையை. சுழலும் பலகையொன்றின் உதவியால் நோயாளி குணமடைகிறாள். மூடநம்பிக்கையை விற்றுப் பிழைக்கும் திரையுலகில், பேய்க்கதையின் வாயிலாகவே பகுத்தறிவைப் பேசிய துணிவை நாம் பாராட்டவே வேண்டும்.

பேய் பொய்யாயினும் நாகவல்லிக்கு நேர்ந்த கொடுமை பொய்யன்று. மது முட்டத்தின் சொந்த ஊரிலிருந்த ஆலும்மூட்டில் தறவாட்டில் நிகழ்ந்த துயரமொன்றே இக்கதைக்குத் தூண்டுகோலாயிற்று என்பது பரவலாக வழங்கும் செய்தி. திருவிதாங்கூரின் பெருங்குடிகளிலே மருமக்கள் தாயம் நிலவியது. சொத்து தந்தையிடமிருந்து மகனுக்குப் போகாமல், மாமனிடமிருந்து மருமகனுக்குப் போயிற்று. குடும்பத்தின் அதிகாரமெல்லாம் காரணவர் எனப்பட்ட மூத்த ஆண்மகனிடம் குவிந்தது. அக்குவிப்பு பிணக்கையும் வழக்கையும், சிலவிடத்துக் கொலையையும் பெற்றெடுத்தது. 1925ஆம் ஆண்டில் திருவிதாங்கூரில் இயற்றப்பட்ட சட்டங்கள் சொத்தைப் பிரிக்க வழிவகுத்தன. 1975இல் கேரளச் சட்டம் கூட்டுக் குடும்ப முறையையே ஒழித்தது. படத்திலே பூட்டிக் கிடக்கும் தெற்குக் கட்டு, வரலாற்றிலே பூட்டிக் கிடந்த இச்சொத்துரிமையின் சின்னமே.

நாகவல்லி ஏன் தஞ்சாவூர்க்காரி ஆனாள் என்பதும் சிந்தனைக்குரியது. கோயிலையும் அரண்மனையையும் அண்டி வாழ நிர்ப்பந்திக்கப்பட்ட ஆடல்மகளிர் குலத்தின் நிலைக்களம் தஞ்சை. கலையை வளர்த்தவர்களும் அவர்களே. நிலக்கிழாரின் காமத்துக்கு இரையானவர்களும் அவர்களே. அக்குலத்திலே பிறந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1936இல் ஒரு நாவலின் வாயிலாக அக்கொடுமையை அம்பலப்படுத்தினார். முத்துலட்சுமி ரெட்டி நெடுங்காலம் நடத்திய போராட்டத்தின் பயனாக, 1947இல் சென்னை மாகாணத்தில் பொட்டுக்கட்டும் வழக்கம் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. யாழ்ப்பாணத்துக் கோயில் திருவிழாக்களிலும் தமிழகத்திலிருந்து வந்த ஆடல்மகளிரின் சின்னமேளம் ஒருகாலத்தில் பெரும் கவர்ச்சியாக விளங்கியது. அவர்களைக் காணத் திரண்டவர்களும் நம்மவர்களே. அவர்களை இழித்துப் பேசியவர்களும் நம்மவர்களே. ஆகவே நாகவல்லி நமக்கு அந்நியளல்லள்.

ஆயினும் இக்கதை மொழிக்கு மொழி பெயர்ந்தபோது ஒரு விநோதம் நிகழ்ந்தது. மலையாளப் படத்தில் பேய் தமிழ் பேசிற்று. அதே கதையைத் தமிழிலே எடுத்தபோது அவள் ஆந்திரத்திலிருந்து கொண்டுவரப்பட்டவளாகித் தெலுங்கு பேசினாள். இந்தியிலோ அவள் வங்காளி. தன் மொழி பேசும் பெண்ணைப் பேயாக்க எவருக்கும் மனம் வரவில்லை! பேய் என்பவள் எப்போதும் அடுத்த வீட்டுக்காரியாகவே இருத்தல் வேண்டும். கொன்றவன் நம்மவன், கொல்லப்பட்டவள் அந்நியள், அச்சமோ நமக்கு! குற்றவுணர்ச்சியே இங்கு அச்சமாக வேடம் புனைந்துள்ளது.

இனி, இக்கதையைத் தோளிற் சுமந்த கலைஞர்களை நோக்குவோம். கங்கையாகவும் நாகவல்லியாகவும் நடித்த ஷோபனா, நாட்டியப் பேரொளி பத்மினியின் குடும்பத்திற் பிறந்தவர். அவ்வேடத்துக்காகச் சிறந்த நடிகைக்கான இந்தியத் தேசிய விருதைப் பெற்றார். பின்னர் படங்களைக் குறைத்துக்கொண்டு, சென்னையில் நாட்டியப் பள்ளி நிறுவிக் கலைப்பணியாற்றினார். 2025இல் பத்மபூஷண் விருதும் அவருக்கு அளிக்கப்பட்டது. தகுதியான பெருமையே. ஆனால் நாகவல்லியின் தமிழ்க் குரல் எவருடையது? துர்கா என்னும் தமிழ்ப் பின்னணிக் குரற் கலைஞருடையது. கங்கைக்குக் குரல் கொடுத்த பாக்கியலட்சுமியே நாகவல்லிக்கும் குரல் கொடுத்தார் என்று உலகம் இருபதாண்டுகளுக்கு மேலாக நம்பியிருந்தது. 2016இலேதான் இயக்குநர் பாசில் உண்மையை எழுதினார். கேரளம் முழுவதையும் நடுங்கவைத்த குரலுக்கு உடையவர், தம் உழைப்பின் பெயரை இழந்து அத்தனை காலம் வாழ்ந்தார். உழைப்பவனுக்கும் உழைப்பின் பயனுக்கும் இடையே உள்ள பிளவு ஆலையிலும் வயலிலும் மாத்திரம் உள்ளதன்று, கலைக்கூடத்திலும் உண்டு.

2004இல் பி. வாசு இக்கதையைக் கன்னடத்தில் 'ஆப்தமித்ரா' என எடுத்தார். அதில் நடித்த சௌந்தர்யா, படம் வெளிவருமுன்னரே, 2004 ஏப்ரல் 17ஆந் திகதி, தேர்தற் பிரசாரத்துக்குப் புறப்பட்ட சிறு விமானம் பெங்களூரில் வீழ்ந்து நொறுங்கியதால் மாண்டார். அப்படத்தின் நாயகனான விஷ்ணுவர்த்தன் 2009 டிசம்பரில் மாரடைப்பினால் இறந்தார். அதன் தொடர்ச்சியான 'ஆப்தரட்சகா' அவர் மறைந்த பின்னரே திரைக்கு வந்தது. உடனே எழுந்தது வதந்தி: நாகவல்லியின் சாபமாம்! விமானத்தின் நிலை பற்றியும், மனிதனின் இருதயம் பற்றியும் கேட்கவேண்டிய வினாக்கள் கேட்கப்படவில்லை. பேய் இல்லை என்று கூறிய படத்தின் கலைஞர்களையே பேயின் பலிகளாக்கிற்று வதந்தி. இதைவிடக் கொடிய நகைமுரண் வேறென்ன இருக்கமுடியும்?

தமிழில் 2005 ஏப்ரலில் 'சந்திரமுகி' வந்தது. இங்கே போர்நிறுத்தம் நிலவிய காலமாதலால் அது தீவகத்தையும் எட்டியது. 'பாபா'வின் தோல்வியால் தளர்ந்திருந்த ரஜினிகாந்தை அப்படம் மீண்டும் உச்சத்திலேற்றியது. சென்னை சாந்தித் திரையரங்கில் எண்ணூறு நாட்களுக்கு மேல் ஓடிற்று. சந்திரமுகியாக நடித்த ஜோதிகாவோ அடுத்த ஆண்டே திருமணம் செய்துகொண்டார். 2015இல் '36 வயதினிலே' வரும்வரை திரையில் நடிக்காதிருந்தார். நாயகனுக்கு அப்படம் புதிய வாழ்வின் தொடக்கம். நாயகிக்கோ நீண்ட விடுமுறைக்கு முன் கிடைத்த கடைசி வெற்றிகளுள் ஒன்று. ஷோபனா, சௌந்தர்யா, ஜோதிகா, வித்யா பாலன், அனுஷ்கா, கங்கனா எனப் பேயின் முகம் மாறிக்கொண்டே வந்தது. கதையின் உரிமையும் இலாபமும் மட்டும் ஆண்களின் கையை விட்டு அகலவில்லை.

இனிப் பூர்வகதைக்கு வருவோம். முதலில் வந்த படத்தின் கதைக்கு முற்பட்ட நிகழ்ச்சிகளைப் பின்னர் வரும் படத்திற் சொல்லுவது இக்காலத் திரையுலகின் வழக்கம். 2023 செப்டெம்பரில் அதே பி. வாசு 'சந்திரமுகி 2' என்ற படத்தில், அரண்மனையில் அன்று நடந்தது என்ன என்பதை விரித்துரைக்க முற்பட்டார். அரிய வாய்ப்பு! நாட்டியக்காரி எவ்வூரிற் பிறந்தாள், எவர் அவளை விற்றார், குடிகளின் எந்த வரிப்பணத்தில் அவ்வரண்மனை எழுந்தது என்பவற்றை இங்கு கேட்டிருக்கலாம். படம் அவற்றுள் எதையும் கேட்கவில்லை. வேட்டையன் என்ற பெயரில் வாழ்ந்தவன் உண்மையில் செங்கோட்டையன் என்ற படைத்தலைவனே என்று கண்டுபிடித்து, அவனுக்கு வாளும் வீரமும் போர்க்களமும் வழங்கிற்று. அவன் பெருமையை நிறைவுசெய்யும் அணிகலனானாள் நாட்டியக்காரி.

இன்னொன்றும் நிகழ்ந்தது. 1993இல் பேய் இல்லை, நோயே இருந்தது. 2005இலும் அவ்வாறே. 2010இல் வந்த 'ஆப்தரட்சகா'வில், மாந்திரீகத்தால் நூறாண்டுகளைக் கடந்தும் அரசன் உயிரோடிருந்தான். 2023இலோ இரண்டு பேய்கள் மெய்யாகவே எழுந்துவந்து ஒன்றோடொன்று பொருதன. இந்தியிலும் இதே கதிதான்: 2007இல் நோயாக இருந்தது, 2022இல் வந்த தொடர்ச்சியில் மெய்ப்பேயாயிற்று. கதை காலத்திற் பின்னோக்கிச் சென்றபோது கருத்தும் உடன் பின்னோக்கிச் சென்றுவிட்டது. கதையின் மருத்துவன் வென்றதைவிடப் பேய் வென்றால் வசூல் கூடும் என்று முதலாளி கணக்கிட்டால், அறிவியல் தோற்கத்தானே வேண்டும்?

இப்பின்னடைவை ஒரு நடிகரின் வாழ்விலேயே காணலாம். 'சந்திரமுகி 2'இன் நாயகரான ராகவா லாரன்ஸ், சண்டைப் பயிற்சியாளர் ஒருவரின் மோட்டார்க் காரைத் துடைத்த வறிய பணியாளாகத் திரையுலகுக்கு வந்து, உழைப்பினால் நடனக் கலைஞராகி உயர்ந்தவர். அவரே எழுதி இயக்கி நடித்த 'முனி' (2007), வஞ்சிக்கப்பட்ட குடிசைவாழ் மக்களின் தலைவனுடைய ஆவியைப் பற்றியது. 'காஞ்சனா' (2011) நிலம் பறிக்கப்பட்டுக் கொல்லப்பட்ட ஒரு திருநங்கையின் ஆவியைப் பற்றியது. அவ்வேடத்தைச் சரத்குமார் ஏற்றார். அவையும் பேயை மெய்யென்றே காட்டின. எனினும் பேயின் பின்னே நிலம் பறித்தவன் நிற்பதைக் காட்டத் தவறவில்லை. அன்று பறிகொடுத்தவரின் ஆவியைத் தாங்கிய அதே உடல், 2023இல் பறித்தவனின் ஆவியைத் தாங்கிற்று.

இவற்றால் நமக்கு என்ன என்று வாசகர் வினவலாம். நமக்கே இவை மிகவும் வேண்டியவை. வேலணை, புங்குடுதீவு, ஊர்காவற்றுறைப் பகுதிகளில் ஒருமுறை நடந்து பாருங்கள். கூரை வீழ்ந்து, சுவரைப் பிளந்து ஆல் முளைத்து, கிணறு தூர்ந்து கிடக்கும் வீடுகள் எத்தனை! பிள்ளைகள் அவற்றைப் பேய் வீடுகள் என்கின்றனர்; மாலையானால் அவ்வழியே செல்ல மறுக்கின்றனர். அவ்வீடுகளுக்கும் பூர்வகதை உண்டு. 1990க்கும் 1991க்கும் இடையில் போர் தீவகத்தை விழுங்கியபோது, சமைத்த உலையை இறக்காமல் ஓடியவர்களின் வீடுகள் அவை. உடையவர்கள் இன்று கனடாவிலும் பிரான்சிலும் சுவிற்சர்லாந்திலும் வாழ்கின்றனர். பலர் மண்ணோடு மண்ணாயினர். நெடுந்தீவுக் கடலிலும் ஒரு பூர்வகதை உண்டு. 1985 மே 15ஆந் திகதி குமுதினிப் படகிற் பயணஞ்செய்த குழந்தைகளும் பெண்களும் முதியோரும் நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டனர். இவற்றை அறியாத பிள்ளைக்கு இடிந்த வீடு வெறும் அச்சத்தையே தரும். அறிந்த பிள்ளைக்கோ அது துயரத்தையும், துயரத்தோடு நீதியைப் பற்றிய வினாவையும் தரும்.

கங்கையின் நோய் திரையில் மட்டும் உள்ளதன்று. காணாமற் போன மகனின் குரல் இரவில் கேட்கிறது என்னும் தாயும், கடலைக் கண்டால் உடல் நடுங்கும் முதியவரும் நமது ஊர்களில் உள்ளனர். யாழ்ப்பாணத்து உளமருத்துவர் பேராசிரியர் தயா சோமசுந்தரம், போர் நம் மக்களின் உள்ளத்தில் ஏற்படுத்திய காயங்களை ஆராய்ந்து 1998இல் பெருநூலொன்றை வெளியிட்டார். இருந்தும், இத்தகையோருக்கு முதலில் நூல் கட்டவும் கழிப்புக் கழிக்கவுமே உறவினர் ஓடுகின்றனர். அவர்களை இகழ்வது நமது நோக்கமன்று. நெடுந்தீவிலிருந்து யாழ்ப்பாண வைத்தியசாலைக்குச் செல்லக் குறிகட்டுவான்வரை படகும், பின்னர் பேருந்தும் வேண்டும். பூசாரியின் வீடோ கூப்பிடு தூரத்தில் உள்ளது. மருத்துவம் எட்டாத இடத்தில் மந்திரம் குடியேறுவது இயல்பே. மருத்துவத்தை மக்களிடம் கொண்டுவருமாறு கேட்பது நம் உரிமை. நோயைப் பேயென்று கூறும் படங்களை நம் பிள்ளைகளோடு அமர்ந்து விவாதிப்பது நம் கடமை.

பேய்ப்படத்தைத் தடுக்கவேண்டும் என்று நாம் கூறவில்லை. பார்க்கட்டும், இரசிக்கட்டும், ஷோபனாவின் கண்களையும் துர்காவின் குரலையும் வியக்கட்டும். பார்த்தபின், 'அவளைக் கொன்றவன் யார்? எந்த அதிகாரம் அவனுக்கு அத்துணிவைத் தந்தது?' என்று கேட்கவும் பழகட்டும். அரண்மனையின் பூர்வகதையைப் பணம் படைத்தோர் எத்தனை முறையேனும் படமாக்குவர். நம் தெருவில் இடிந்து கிடக்கும் வீட்டின் பூர்வகதையை எழுத நம்மையன்றி வேறெவரும் வரப்போவதில்லை. ஒவ்வொரு மாணவனும் ஓர் அப்பியாசக் கொப்பியை எடுத்துக்கொண்டு, அவ்வீட்டில் யார் வாழ்ந்தார்கள், எப்போது போனார்கள், ஏன் திரும்பவில்லை என்பவற்றைத் தன் ஊர் மூத்தோரிடம் கேட்டு எழுதிவைப்பானாக. சொல்லத் தெரிந்தவர்கள் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர்.