பழைய உலகப்படங்களும் தமிழக உள்நாடும்: கொல்லிமலையை முன்வைத்து

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையின் மேல் அமைந்த ஊர்களுள் ஒன்று வாசலூர்பட்டி. இவ்வூரைத் தாங்கி நிற்கும் மலையைச் சங்கப் பாடல்கள் வல்வில் ஓரியின் ஆட்சிப்பகுதியாகவும் கொல்லிப்பாவையின் உறைவிடமாகவும் பேசுகின்றன. ஏறத்தாழ அதே காலகட்டத்தில், கி.பி. 150ஐ ஒட்டி, அலெக்சாந்திரியாவில் தாலமி தம் புவியியல் நூலை எழுதினார். அதில் கொல்லி என ஐயமின்றி இனங்காணத்தக்க பெயர் எதுவும் இல்லை. இவ்விடைவெளி எவ்வாறு தோன்றியது, பின்வந்த நிலப்படத் தொகுப்புகளில் எவ்வாறு நீடித்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

தாலமி ஏறத்தாழ 8,000 இடங்களுக்கு அட்சரேகை, தீர்க்கரேகை அளவுகளைத் தந்தார். அவற்றுக்கு மாலுமிகள், வணிகர்களின் செய்திகளும் தீர் நகரத்து மரினுஸின் தொகுப்பும் அடிப்படையாயின. ஆகவே கொற்கை 'கொல்கோய்' எனவும், காவிரிப்பூம்பட்டினம் 'கபேரிஸ்' எனவும் இடம்பெற்றதில் வியப்பில்லை. அதற்காக உள்நாடு முற்றிலும் விடுபட்டது என்பது பொருந்தாது. உறையூரோடு ஒப்பிடப்படும் 'ஓர்தூரா', சேரர் தலைநகராகச் சுட்டப்படும் 'கரூரா', பெரில் எனும் பச்சைக்கல் கிடைக்குமிடமாகக் கூறப்படும் 'பௌன்னாட்டா' ஆகியவை உள்நாட்டு ஊர்களே. ஆனால் இவை அரசிருக்கைகளாகவோ வணிகப்பொருள் கிடைக்கும் இடங்களாகவோ இருந்தமையால் பதிவாயின. மலைகளிலும் இதே நிலைதான். பொதிகையாகப் பலரும் கொள்ளும் 'பெட்டிகோ', மேற்கிலும் தெற்கிலும் கடல் சேரும் ஆறுகளின் தோற்றுவாயாகவே குறிக்கப்படுகிறது. கொல்லியில் தோன்றும் ஐயாறோ நேரே கடல் சேராமல் காவிரியில் கலக்கிறது. கழிமுகத்தை மட்டும் கண்ட மாலுமிக்கு அம்மலையின் பெயரைக் கேட்டறியும் தேவை எழுந்திராது எனக் கருதலாம்.

தாலமியின் படங்கள் என இன்று வழங்குபவை அவர் கையால் வரைந்தவை அல்ல. நூலிலுள்ள எண்களைக் கொண்டு பிற்காலத்தார் வரைந்தவை. எனவே ஆய்வாளருக்கு எண்பட்டியலே முதன்மைச் சான்றாகும். 1477இல் பொலோஞாவிலும் 1482இல் உல்மிலும் அச்சான பதிப்புகளில் தென்னிந்தியத் தீபகற்பம் தட்டையாகச் சுருங்க, இலங்கை பேருருக் கொண்டது.

1570இல் ஆண்ட்வெர்ப்பில் ஓர்டேலியுஸ் 53 படத்தாள்களை ஒரே அளவில் அமைத்து ஒரு நூலாக்கினார். தமக்கு உதவிய 87 படவரைவாளர்களின் பெயர்ப்பட்டியலையும் அதில் சேர்த்தார். இந்நேர்மை இன்றும் பாராட்டத்தக்கது. இத்தகைய தொகுப்புக்கு 'அட்லஸ்' என்னும் பெயரை, மெர்காதோர் மறைந்த மறு ஆண்டில், 1595இல் வெளிவந்த அவர் நூல் நிலைபெறச் செய்தது. போர்ச்சுக்கீசியர் தந்த செய்திகளால் கடற்கரை திருந்திற்று. உள்நாட்டு மலைகளோ ஒரே அச்சில் வார்த்த சிறு கரட்டுக் குறிகளாகவே நின்றன.

சேலம் பகுதி 1792ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் கம்பெனி வசமானது. 1802 ஏப்ரல் 10 அன்று லாம்டன் பரங்கிமலை அருகே அடிக்கோட்டு அளவீட்டைத் தொடங்கினார். முக்கோண அளவீட்டுக்கு உயர்ந்த இடங்கள் இன்றியமையாதவை. மலையற்ற தஞ்சைச் சமவெளியில் 1808இல் பெரிய கோயிலின் மீதே அளவுக்கருவியை ஏற்ற முயன்று, கருவி சேதமுற்ற நிகழ்ச்சி அத்தேவையைக் காட்டும். இதுவரை வணிகப் பாதையின் புறத்தே கிடந்த மலைகள், இப்போது அளப்போரின் கண்களுக்குத் தேவைப்பட்டன.

இவ்வளவீட்டை அடிப்படையாகக் கொண்ட இந்திய அட்லஸ் 1827 முதல் ஓர் அங்குலத்துக்கு 4 மைல் என்னும் அளவில் வெளிவந்தது. ஏறத்தாழ 280 சதுர கி.மீ. பரப்புள்ள கொல்லிமலை அவ்வளவில் சுமார் 7 சதுர அங்குலத்துள் அடங்கிவிடும். மலையாளிப் பழங்குடியினரின் 'நாடு' என்னும் பிரிவுகளை அதில் தேடுவதைவிட, நிலவரி ஆவணங்களிலும் அறப்பளீசுவரர் கோயில் கல்வெட்டுகளிலும் தேடுவதே பயன் தரும்.