ஹெட்லைட்டுக்குள் மழை

திருவனந்தபுரத்தில் வருஷத்துக்கு இரண்டு மழைக்காலம். ஜூன் தொடங்கியதும் இடவப்பாதி, அது ஓய்ந்து மூச்சு விடுவதற்குள் அக்டோபரில் துலாவர்ஷம். இங்கே கார் வைத்திருக்கும் பலருக்கும் ஒரு பொதுக்கவலை உண்டு: ஹெட்லைட் கண்ணாடியின் உள்பக்கம் புகை மாதிரி படியும் ஈரம். "சார், தண்ணி இறங்கிடுச்சு, செட்டோட மாத்தணும்" என்பார் மெக்கானிக். மாற்றத்தான் வேண்டுமா? இதற்குப் பதில் சொல்லக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

ஆரம்பகாலக் கார்களில் விளக்கு எரியவே தண்ணீர் வேண்டும். கார்பைடு கல்லின் மேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும், அசிட்டிலின் வாயு கிளம்பும், அதைப் பற்றவைப்பார்கள். பிறகு மின்விளக்கு வந்தது. பல்புக்குப் பின்னால் வெள்ளி முலாம் பூசிய ரிஃப்ளெக்டர். ஈரமும் தூசியும் உள்ளே புகுந்தால் வெள்ளி கறுக்கும், வெளிச்சம் குறையும். துடைத்தால் முலாம் தேயும். துடைக்காவிட்டால் ராத்திரி ரோடு தெரியாது.

1938 பிப்ரவரி 20 அன்று திருவிதாங்கூர் அரசின் பஸ் சேவை தொடங்கியபோது உலகம் இந்த நிலையில்தான் இருந்தது. லண்டன் போக்குவரத்தில் இருந்த சால்ட்டர் என்பவரை வரவழைத்து நடத்தினார்கள். திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்குப் பஸ் ஓடியது. (அப்போது குமரியும் திருவிதாங்கூர்தான். 1956 நவம்பர் 1-ல்தான் நம் பக்கம் வந்தது.) அந்த வழியில் மழை ராத்திரிகளில் ஓட்டியவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

அடுத்த வருஷமே அமெரிக்காவில் ஒரு தீர்வு வந்தது: சீல்டு பீம். கண்ணாடி, ரிஃப்ளெக்டர், இழை மூன்றையும் ஒரே பல்பாக உருக்கி ஒட்டிவிட்டார்கள். காற்றுப் புக வழியே கிடையாது. 1940 மாடல்களிலிருந்து அங்கே எல்லாக் கார்களுக்கும் 7 அங்குல வட்ட விளக்கு. நம் அம்பாஸடரின் வட்டக் கண்ணும் அதே 7 அங்குலம். இழை போனால் மொத்தத்தையும் தூக்கிப் போட வேண்டும் என்பதுதான் குறை. ஆனாலும் எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும், விலையும் மலிவு. வங்கிக்காரன் கணக்கில் இது நல்ல பேரம்!

ஐரோப்பியர்கள் பல்பை மட்டும் மாற்றும் வழியை விடவில்லை. 1971-ல் எச்4 ஹாலஜன் பல்பு வந்தது. 1983-ல் அமெரிக்காவும் பல்பு மாற்றும் விளக்கை அனுமதித்தது. கார் டிசைனர்களுக்குக் கொண்டாட்டம். முகத்துக்கு ஏற்ற வடிவத்தில் விளக்கு, கண்ணாடிக்குப் பதில் பாலிகார்பனேட். கூடவே, நாற்பது வருஷமாக வெளியே நின்ற ஈரமும் திரும்பி உள்ளே வந்தது.

காரணம் எளிது. பல்பு எரிந்தால் உள்ளே காற்று சூடாகி விரியும். அடைத்து வைத்தால் ஒட்டுகள் விட்டுவிடும். அதனால் வேண்டுமென்றே சுவாசத் துளைகள் வைக்கிறார்கள். சில விளக்குகளில் அதன்மேல் ஒரு சவ்வு உண்டு. காற்றும் ஆவியும் போகும், நீர்த்துளி போகாது. சூடான விளக்கின் மேல் திடீரென மழை அடித்தால் உள்காற்று சுருங்கி, வெளியே இருக்கும் ஈரக்காற்றை இழுக்கும். அந்த ஆவி, குளிர்ந்திருக்கும் முன்கண்ணாடியில் படியும்.

ஆக, மெல்லிய புகைபோலப் படிந்து, விளக்கை எரியவிட்டாலோ வெயிலில் நிறுத்தினாலோ மறைந்தால் அது நோயே இல்லை. சொட்டுச் சொட்டாக வழிந்து அடியில் தேங்கினால்தான் நோய். பெரும்பாலும் பல்பு மாற்றியவர் பின்பக்க ரப்பர் மூடியைச் சரியாகப் பொருத்தியிருக்க மாட்டார், அல்லது எங்காவது இடித்து விரிசல் விட்டிருக்கும். சிலர் எல்லாத் துளையையும் சிலிக்கான் பூசி அடைக்கிறார்கள். எனக்கு இதில் சம்மதமே இல்லை. உள்ளே போன ஈரம் எப்படி வெளியே வரும்? இன்னும் சிலர் அடியில் துளை போடுகிறார்கள். ரோட்டுத் தண்ணீர் தாராளமாக ஏறும், ரிஃப்ளெக்டர் மங்கும். பழைய வெள்ளி முலாமுக்கு நடந்த அதே கதை.

எல்இடி விளக்கு வைத்த வண்டியில் இன்னொரு சங்கதி. ஹாலஜன் மாதிரி முன்பக்கம் சூடு வீசாது. ஒளியைத் தரும் சில்லின் சூடு பின்பக்கமாகவே போகிறது. அதனால் ஈரம் காயக் கூடுதல் நேரம் பிடிக்கும். துலாவர்ஷ மாலையில் படிந்தது மறுநாள் வெயில் ஏறும்வரைகூட நிற்கலாம். அதைப் பார்த்து பயந்து செட்டை மாற்றிவிடாதீர்கள். முதலில் மூடியைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.