டர்போ பெட்ரோல் எஞ்சினில் ஐடிலிங் நடுக்கமும் மிகை எரிபொருள் செலவும்

டர்போசார்ஜர் பொருத்திய பெட்ரோல் கார், ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் நிற்கும் ஐடிலிங் நிலையில் நடுங்குவதும் வழக்கத்தைவிட மிகுதியாகப் பெட்ரோல் குடிப்பதும் சேர்ந்து தோன்றினால், முதலில் ஐயுற வேண்டியது காற்றுக் கசிவையே. உள்ளே வரும் காற்றை அளக்கும் சென்சாரின் கணக்கைக் கொண்டு, எடையில் 14.7 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் என்ற விகிதத்தை ஒட்டி, எஞ்சின் கணினி எரிபொருளைத் தெளிக்கிறது. ஐடிலிங்கின்போது, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்தளிக்கும் இன்டேக் மேனிஃபோல்டில் வளிமண்டலத்தைவிடக் குறைந்த அழுத்தம் நிலவுவதால், அங்குள்ள விரிசல் வழியே அளக்கப்படாத காற்று புகுந்து கலவையை மெலிதாக்கி எஞ்சினை நடுங்கச் செய்கிறது. டர்போ அழுத்தம் ஏறியதும் அதே விரிசல் அளந்த காற்றை வெளியே விட்டுவிட, கணினி முழுக் கணக்குக்கும் பெட்ரோல் தெளிப்பதால் கலவை செறிந்து, புகைக்குழாய் முனையில் கரி படிகிறது. ஒரே ஓட்டை இரு எதிரெதிர்க் குறிகளைக் காட்டுவதால்தான், பழுதற்ற சென்சார்கள் வீணாக மாற்றப்படுகின்றன.

எஞ்சின் கணினியின் தரவைப் படிக்கும் ஓபிடி கருவியில் எரிபொருள் திருத்த அளவு ஐடிலிங்கில் 10 விழுக்காட்டுக்கு மேல் கூடியிருந்து, நிமிடத்துக்கு 2500 சுற்றில் தணிந்தால், மேனிஃபோல்டுப் பக்கக் கசிவையோ எஞ்சினுக்குள் சேரும் வாயுவை இன்டேக்குக்குத் திருப்பும் பிசிவி வால்வின் கிழிந்த சவ்வையோ தேட வேண்டும். டர்போ அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் குழாயிலுள்ள கிளாம்புக்கடியில் பளபளக்கும் எண்ணெய் ஈரம் அழுத்தக் கசிவின் அடையாளமாக இருக்கலாம். காற்றுக் குழாய்களுக்குள் புகையைச் செலுத்திப் பார்க்கும் சோதனையில் கசிவில்லை என்று தெளிந்த பின்னரே ஸ்பார்க் பிளக், காயில், இன்ஜெக்டர் ஆகியவற்றை ஆராய்வது முறை.