டில்லியில் ஒரு நான்காம் இடம்

ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் ஆண்கள் கூடைப்பந்துக்காக இந்தியா எப்போதாவது பதக்கம் வாங்கியிருக்கிறதா? நம் விடுதி மாணவர்களிடம் கேட்டால் "இல்லை" என்று உடனே பதில் வரும். சரியான பதில்தான். சரி, அதிகபட்சம் எந்த இடம் வரைக்கும் வந்தோம் என்று கேட்டுப் பாருங்கள். அங்கேதான் எல்லோரும் விழிப்பார்கள். நான்காம் இடம். வருஷம் 1951, ஊர் புது டில்லி. எழுபது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. அந்த நான்காம் இடத்தை நாம் இன்னும் தாண்டவில்லை.

"ஆடினதே அஞ்சு டீம், அதுல நாலாவதா வந்ததுக்கு ஒரு கட்டுரையா?" என்று என் வகுப்பு நண்பர்கள் கிண்டல் செய்வார்கள், தெரியும். பெருமைக்காக எழுத வரவில்லை. அந்த ஐந்து பெயர்களையும் வரிசையாக வாசித்துப் பாருங்கள்: பிலிப்பைன்ஸ், ஜப்பான், ஈரான், இந்தியா, பர்மா. காரைக்குடிப் பக்கத்து ஆளுக்கு இந்தப் பட்டியலில் விளையாட்டைத் தவிர வேறு கதையும் தெரியும். நம் மலரில் அதைச் சொல்லலாமே என்று தோன்றியது.

போட்டியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஆசிய நாடுகளுக்கென்று தனியாக ஒரு விளையாட்டு விழா வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவர் குரு தத் சோந்தி. லாகூர் அரசுக் கல்லூரிப் பேராசிரியர். 1934-லேயே டில்லியில் நான்கு நாடுகளை வைத்து மேற்காசியப் போட்டி என்று ஒத்திகை பார்த்தவர். சுதந்திரத்துக்குப் பிறகு நேருவின் ஆதரவும் கிடைத்தது. 1950-ல் நடப்பதாக இருந்து, ஒரு வருஷம் தள்ளிப்போய், 1951 மார்ச் 4 முதல் 11 வரை நடந்தது. 11 நாடுகள், 489 பேர். குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத் தொடங்கி வைத்தார். கால்பந்தில் ஈரானை 1-0 என்று ஜெயித்துத் தங்கம் வாங்கினோம். நீச்சலில் சச்சின் நாக் தங்கம் வாங்கினார். இன்றைக்கும் டில்லிப் போட்டி என்றால் எல்லோரும் அந்த இரண்டைத்தான் சொல்வார்கள். கூடைப்பந்து ஓரமாக நின்றுவிட்டது.

உலகக் கோப்பை மாதிரி ஒன்று அதற்கு நான்கு மாதம் முன்புதான் முதல்முதலாக நடந்திருந்தது. 1950 அக்டோபர் கடைசியில் பியூனஸ் அயர்ஸில் ஆரம்பித்த அந்தப் போட்டியில் அர்ஜென்டினா அமெரிக்காவைத் தோற்கடித்துச் சாம்பியன் ஆனது. ஆடிய பத்து அணிகளில் ஆசிய அணி ஒன்றுகூட இல்லை. ஆகவே உலக யுத்தத்துக்குப் பிறகு ஆசியாவில் யார் பெரியவன் என்று முடிவானது டில்லியில்தான். ஆனால் ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். கொரியாவில் சண்டை நடந்துகொண்டிருந்ததால் கொரியர்கள் வரவில்லை. சீனா பார்வையாளர்களை மட்டும் அனுப்பியது. 1954-ல் மணிலாவில் அடுத்த போட்டி நடந்தபோது கொரியாவும் தைவானும் வந்து முதல் நான்கு இடங்களுக்குள் உட்கார்ந்துகொண்டன. நம்முடைய நான்காம் இடத்தில் கொஞ்சம் தண்ணீர் கலந்திருக்கிறது என்பதை மறுக்க முடியாது.

அன்றைய ஆட்டம் இன்று நாம் டி.வி.யில் பார்ப்பது மாதிரி இருக்காது. இத்தனை விநாடிக்குள் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும் என்ற விதியே கிடையாது; 30 விநாடி விதி சர்வதேச ஆட்டத்துக்கு வந்தது 1956-ல். மூன்று புள்ளிக் கோடு 1984-ல். முன்னிலை பெற்ற அணி பந்தைக் கைக்குள்ளேயே வைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்தலாம். மாறாமல் இருப்பது வளையத்தின் உயரம் ஒன்றுதான். பத்து அடி. 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் பீச் பழக் கூடைகளை மாடிக் கைப்பிடியில் ஆணியடித்து மாட்டினார். அந்தக் கைப்பிடி பத்தடி உயரத்தில் இருந்தது, அவ்வளவுதான்! டிசைன் கால்குலேஷன் எதுவும் கிடையாது. என்னைப் போன்ற மெக்கானிக்கல் ஆட்கள் மனதைத் தேற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

இனி அந்தப் பட்டியலுக்கு வருவோம்.

தங்கம் வாங்கியது பிலிப்பைன்ஸ். ஒரு ஆட்டத்திலும் தோற்கவில்லை. ஜப்பானுக்கு வெள்ளி. இந்த இரண்டு வரிகளையும் கொஞ்சம் நிறுத்தி வாசிக்க வேண்டும். 1945 பிப்ரவரியில் மணிலா நகரத்துக்குள் ஒரு மாதம் சண்டை நடந்தது. ஜப்பானியப் படை நகரத்தை விட்டுப் போகாமல் தெருத்தெருவாக நின்றது. அமெரிக்கப் பீரங்கிகள் வெளியிலிருந்து அடித்தன. பொதுமக்கள் மட்டும் சுமார் ஒரு லட்சம் பேர் செத்தார்கள் என்று கணக்கு. அணியின் இளம் ஆட்டக்காரர் கார்லோஸ் லொய்சாகாவுக்கு டில்லியில் வயது 20. அப்படியானால் மணிலா எரிந்த மாதம் அவருக்கு 14. ஆறே வருஷத்தில், எதிர்ப் பக்கத்தில் ஜப்பான் சட்டை போட்டுக்கொண்டு ஐந்து பேர் நிற்கிறார்கள். ஒரே பந்து, ஒரே நடுவர், ஃபவுல் செய்தால் கையைத் தூக்க வேண்டும்.

ஜப்பானுக்கும் அது சாதாரணப் பயணம் இல்லை. 1948 லண்டன் ஒலிம்பிக்குக்கு அவர்களை அழைக்கவில்லை. 1951 மார்ச்சில் ஜப்பான் இன்னும் நேச நாடுகளின் ஆக்கிரமிப்பில்தான் இருந்தது. சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானதே அந்த செப்டம்பரில்தான். யுத்தத்துக்குப் பிறகு அவர்கள் கலந்துகொண்ட முதல் பெரிய விளையாட்டு விழா டில்லி. வாசலைத் திறந்துவிட்டது நாம். இதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. என் கருத்து, அந்த வாரம் இந்தியா செய்த பெரிய காரியம் கால்பந்துத் தங்கம் இல்லை, இதுதான்.

கடைசி வரி பர்மா. நம் ஊர்க் கதை இங்கேதான் வருகிறது. கொண்டுவிக்கப் போனவர்கள் என்று செட்டிநாட்டில் சொல்வார்களே, அதில் பெரிய கூட்டம் போனது பர்மாவுக்கு. ரங்கூன் மொகல் தெருவில் கிட்டங்கி, ஐராவதி டெல்டாவில் விவசாயிகளுக்குக் கடன். முப்பதுகளின் விலை வீழ்ச்சியில் கடன் திரும்பாமல் நிலம் கைக்கு வந்தது. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால்வாசி நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது என்று கணக்குச் சொல்கிறது. 1942-ல் ஜப்பான் படை நுழைந்ததும் பல பேர் காட்டு வழியாக நடந்தே திரும்பினார்கள். 1948-ல் பர்மா சுதந்திரம் பெற்றதும் நிலத்தை தேசியமயமாக்கச் சட்டம் போட்டது. பர்மாக்காரர்கள் பக்கம் நின்று பார்த்தால் அதில் நியாயம் இருந்தது. இங்கே வீட்டில் உட்கார்ந்து பார்த்தால் இடி விழுந்த மாதிரி. என் அறை நண்பனின் தேவகோட்டை வீட்டு முகப்பில் பர்மா தேக்குத் தூண்களைக் கட்டிப்பிடித்துப் பார்த்திருக்கிறேன், இரண்டு கை போதாது. அந்தச் சம்பாத்தியத்தில் கண்ணுக்குத் தெரிகிற மிச்சம் அவைதான்.

இப்போது 1951-ல் இந்தப் பக்கத்து வாசலில் ஒருவர் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பர்மா, ஜப்பான், இந்தியா என்ற மூன்று பெயர்களும் விளையாட்டுப் பக்கத்தில் ஒன்றாக வருகின்றன. பத்து வருஷமாக அந்தப் பெயர்கள் அவருக்கு வேறு பக்கத்தில் வந்துகொண்டிருந்தவை.

இன்னொரு கேள்வி எனக்கு ரொம்ப நாளாக உண்டு. நாமும் மணிலாவும் ஒரே இடத்தில் பாடம் கற்றவர்கள். பிறகு ஏன் இவ்வளவு தூரம்? ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக் 1920-ல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கினார். நம் அப்பா காலத்து ட்ரில் மாஸ்டர்களில் பல பேர் அங்கே படித்து வந்தவர்கள். அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்துவிட்டு மணிலாவுக்குத் திரும்பியவர் ரெஜினோ இலானன். பள்ளிகளில் அமெரிக்கர்கள் ஏற்கெனவே ஆட்டத்தைப் புகுத்தியிருந்தார்கள். இலானன் முயற்சியில் 1924-ல் அங்கே கல்லூரிகளுக்கிடையே லீக் தொடங்கியது. ஆட்டம் பார்க்கக் கூட்டம் சேர்ந்தது. இங்கே அது பி.டி. பீரியடில் ஒரு பயிற்சியாகத் தங்கிவிட்டது. தேசிய சாம்பியன்ஷிப் 1934-ல் வந்தது, அகில இந்தியச் சம்மேளனம் 1950-ல்தான். நல்ல வாத்தியார் இரண்டு ஊருக்கும் கிடைத்தார். கல்லூரிக்குக் கல்லூரி போட்டியும் அதைப் பார்க்க ஜனமும் ஒரு ஊருக்குத்தான் கிடைத்தது. வித்தியாசம் உயரத்தில் இல்லை என்பது என் கட்சி. லொய்சாகாவே ஆறடி மூன்று அங்குலம்தான், நம் பஞ்சாபில் அதற்கு மேலேயும் ஆட்கள் உண்டு.

நம் கல்லூரி இந்தக் கதைக்கு ஒரு வருஷம் பின்னால் வருகிறது, 1952-ல். 1948 ஜூலையில் நேரு காரைக்குடிக்கு வந்து மின்வேதியியல் ஆய்வகத்துக்கு அடிக்கல் நாட்டினார். அதற்கு 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்த வள்ளல் அழகப்பர் கலைக்கல்லூரி, ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி, நம் கல்லூரி என்று வரிசையாகத் தொடங்கியபோது உடற்பயிற்சிக் கல்லூரியையும் விட்டுவிடவில்லை. அது வந்ததும் ஐம்பதுகளில்தான். பர்மாவும் மலாயாவும் கையை விட்டுப் போய்க்கொண்டிருந்த காலத்தில் இந்த ஊரின் பணம் வகுப்பறைக்கும் மைதானத்துக்கும் திரும்பியது என்று இதைப் படிக்கலாம். நான் 2010-ல் வெளியே வந்தவன். சாயங்கால வெயிலில் சிமெண்ட் தரையின் சூடு ஷூவைத் தாண்டி ஏறும்போது இதெல்லாம் யாருக்குத் தோன்றியது!

இந்தியா 1975-ல் பாங்காக்கில் நடந்த ஆசியச் சாம்பியன்ஷிப்பில் மறுபடி நான்காவதாக வந்தது. 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில், பல நாடுகள் புறக்கணித்ததால் இடம் கிடைத்து, எல்லா ஆட்டங்களிலும் தோற்றது. பிலிப்பைன்ஸ் 1954, 1958, 1962 என்று தொடர்ந்து ஆசியத் தங்கம் வாங்கியது. 1954 உலகப் போட்டியில் மூன்றாம் இடம் வேறு. எந்த ஆசிய அணியும் அதை இன்னும் எட்டவில்லை. பிறகு அவர்களுக்கும் தங்கம் நின்றுபோயிற்று. 2023 அக்டோபரில் ஹாங்ஜோவில் ஜோர்டானை 70-60 என்று ஜெயித்து, 61 வருஷம் கழித்து மறுபடி வாங்கினார்கள். டில்லியில் ஆடிய லொய்சாகா 2016-லேயே காலமாகிவிட்டார்.