வீடு தேடி வந்த காதல் கடிதம்

திருத்தங்கல் என்றதும் சிலருக்கு நின்ற நாராயணப் பெருமாள் நினைவுக்கு வருவார், பலருக்குப் பட்டாசு. எனக்கோ சிலப்பதிகாரத்தில் வரும் ஒரு சிறுவன். அந்தக் காலத்துத் தங்காலில், தன்னோடு சேர்ந்து பிழையில்லாமல் வேதம் ஓதிய அவனுக்கு, வழிப்போக்கனான பராசரன் நகைகளைக் கொடுத்துவிட்டுப் போனான். பலன் என்ன? புதையல் எடுத்தவன் என்று பையனின் தகப்பன் வார்த்திகனைச் சிறையில் தள்ளினார்கள்! பாண்டியன் பிறகு தவறு உணர்ந்து விடுவித்தான் என்பது வேறு விஷயம். கேளாமல் வந்த பொருளால் வீட்டுக்கு வினை வருவது இந்த ஊருக்குப் புதிதல்ல.

2000-ஆம் ஆண்டு மே 4-ஆம் தேதி, உலகம் முழுவதற்கும் அப்படி ஒன்று வந்து சேர்ந்தது. மணிலாவிலிருந்து கிளம்பிய மின்னஞ்சல். தலைப்பு, 'உன்னைக் காதலிக்கிறேன்'. அனுப்பியவர் அந்நியரா? அதுதான் இல்லை. ஆபீஸ் மானேஜராக இருக்கலாம். ஒன்றுவிட்ட மைத்துனராக இருக்கலாம். திறந்தவரின் முகவரிப் புத்தகத்தில் இருந்த அத்தனை பேருக்கும், அவர் பெயரிலேயே, அது தன்னை அனுப்பிக்கொண்டது. முந்தின ஆண்டு வந்த மெலிஸா வைரஸ் முதல் 50 பேரோடு நிறுத்திக்கொண்டது. இதற்கு அந்தத் தயவும் கிடையாது.

இணைப்பின் பெயர் சாதாரண எழுத்துக் கோப்பு மாதிரித்தான் தெரிந்தது. வால் பகுதியில் 'வி.பி.எஸ்.' என்று இருந்ததை விண்டோஸ் மறைத்துவிட்டது. அதாவது, படிக்க வேண்டிய கடிதமல்ல, ஓடக்கூடிய புரோகிராம். ஓடிற்று, கம்ப்யூட்டரில் இருந்த படங்களின் மேல் தன்னையே எழுதி அவற்றை அழித்தது. காலண்டர் படங்களையே ஜீவனமாகக் கொண்ட சிவகாசிப் பக்கத்துக்காரனுக்கு, இதைக் கேட்டாலே வயிறு கலங்கும். பிரிட்டிஷ் பார்லிமெண்டின் காமன்ஸ் சபையே அன்று மின்னஞ்சலை மூடி வைத்தது.

சட்டம் வழக்கம்போல் பின்னால் வந்தது. பிலிப்பைன்ஸில் இந்தக் குற்றத்துக்குப் பொருந்தும் சட்டமே இல்லாததால் வழக்கு நிற்கவில்லை. ஜூனில்தான் சட்டம் போட்டார்கள். நம் தகவல் தொழில்நுட்பச் சட்டம் அதே ஆண்டு அக்டோபர் 17-இல் அமலுக்கு வந்தது. வைரஸ் புகுத்துவதை அதன் 43-ஆம் பிரிவு பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது.

பட்டாசுத் தொழிற்சாலையைப் பார்த்திருக்கிறீர்களா? ஒரே பெரிய கட்டிடமாகக் கட்டமாட்டார்கள். சின்னச் சின்ன அறைகள், நடுவில் காலி இடம். ஒன்று பற்றினால் இன்னொன்றுக்குத் தாவக் கூடாது. வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் எனக்குத் தெரிந்த நல்ல காவல் அதுதான்: கல்யாணப் படங்களின் பிரதி ஒன்று, கம்ப்யூட்டரோடு ஒட்டாமல், பீரோவில் தனியாக இருக்க வேண்டும். மற்றபடி, கோப்பின் வாலைக் காட்டும்படி விண்டோஸில் மாற்றி வையுங்கள். மைத்துனர் சம்பந்தமில்லாமல் ஏதாவது அனுப்பினால், திறப்பதற்கு முன் போனில் ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் கோபித்துக்கொள்ளமாட்டார்.

அந்த ஆசாமி, ஓனெல் டி குஸ்மான், அப்போது கல்லூரி மாணவர். இன்டர்நெட்டுக்குக் காசு கட்ட வழியில்லாமல், பிறர் பாஸ்வேர்டைத் திருடத்தான் முதலில் இதை எழுதினாராம். சிங்கப்பூரில் யாரோ ஒருவருக்கு அனுப்பிவிட்டு, நண்பனோடு குடிக்கப் போய்விட்டாராம். ஏறக்குறைய இருபது வருஷம் கழித்து ஒரு பிரிட்டிஷ் பத்திரிகையாளர் தேடிப் பிடித்தபோது, மணிலாவில் ஒரு சின்னக் கடையில் செல்போன் ரிப்பேர் செய்துகொண்டிருந்தார்.