தானுந்தின் காற்று உள்ளிழுப்பு மாற்றமும் எந்திரக் கோளாறுகளும்

காற்று உள்ளிழுப்பு மாற்றம் என்பது, தானுந்தை உருவாக்கிய நிறுவனம் பொருத்திய காற்று வடிகட்டிப் பெட்டியையும் குழாயையும் நீக்கிவிட்டு, வெளிச்சந்தையில் கிடைக்கும் வேறு வடிகட்டியையும் குழாயையும் பொருத்துவதாகும். எந்திரத்தின் ஆற்றல் கூடும் என்ற எண்ணத்திலேயே இது பெரும்பாலும் செய்யப்படுகிறது. இதன் பின்னர்த் தோன்றும் கோளாறுகளில் பல, எந்திரத்தின் உட்பாகங்கள் கெட்டதால் ஏற்படுபவை அல்ல. காற்றை அளவிடும் முறையோ வடிகட்டும் முறையோ குலைவதே அவற்றுக்குக் காரணமாகும்.

அடிப்படை

ஒரு கிலோகிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோகிராம் காற்று தேவை. பல தானுந்துகளில் உள்ளே செல்லும் காற்றின் அளவைக் குழாயிலுள்ள காற்றளவு உணரி அளந்து மின்னணுக் கட்டுப்பாட்டகத்துக்கு அறிவிக்கிறது. இவ்வுணரி குறிப்பிட்ட விட்டமுடைய குழாய்க்கென அளவீடு செய்யப்பட்டது. அகலமான குழாயில் அதே அளவு காற்று மெதுவாகச் செல்வதால், உணரி குறைத்து மதிப்பிடுகிறது. எரிபொருளும் குறைவாகப் பீச்சப்படுகிறது.

வேறு சில தானுந்துகளில் இவ்வுணரிக்குப் பதிலாக உள்ளிழுப்புப் பன்குழாயின் அழுத்தத்தை அளக்கும் உணரி உள்ளது. இவற்றில் குழாயின் விட்டம் கலவையை அதிகம் பாதிப்பதில்லை. எனவே எவ்வகை உணரி உள்ளது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

பொதுவான காரணங்கள்

* உணரிக்குப் பின்னுள்ள இணைப்பு தளர்ந்து, அளவிடப்படாத காற்று நுழைதல்.
* எண்ணெய் தடவிய பஞ்சு வடிகட்டியிலிருந்து எண்ணெய் கசிந்து உணரியின் மெல்லிய கம்பியில் படிதல்.
* உணரியைத் திசை மாற்றிப் பொருத்துதல் அல்லது அதன் மின் இணைப்பியைச் செருக மறத்தல்.
* எந்திரத்தின் கீழறையிலிருந்து வரும் காற்றுப்போக்கிக் குழாயை இணைக்காமல் விடுதல்.
* மூடப்படாத வடிகட்டி, எந்திர அறையின் சூடான காற்றை இழுத்தல். காற்றின் வெப்பநிலை 30 பாகையிலிருந்து 60 பாகை செல்சியசாக உயர்ந்தால், அதன் அடர்த்தி ஏறத்தாழ 9 விழுக்காடு குறைகிறது. ஆற்றல் கூடுவதற்குப் பதிலாகக் குறைவது இதனாலேயே.

கண்டறியும் முறை

1. எந்திரத்தை நிறுத்தி, கிளாம்புகள், சிறு குழாய்கள், மின் இணைப்பிகள் ஆகியவற்றைப் பார்வையிட வேண்டும்.
2. எச்சரிக்கை விளக்கு எரிந்தால், கோளாறுக் குறிகளை ஸ்கேனர் கொண்டு படிக்க வேண்டும். இந்தியாவில் தன்னிலை அறியும் அமைப்பின் முதல் கட்டம் 2010 ஏப்ரலிலும், இரண்டாம் கட்டம் 2013 ஏப்ரலிலும் நடைமுறைக்கு வந்தன. பி0171 என்பது கலவையில் எரிபொருள் குறைவு என்பதையும், பி0102 என்பது காற்றளவு உணரியின் குறிகை குறைவு என்பதையும், பி0113 என்பது காற்று வெப்பநிலை உணரியின் குறிகை மிகுதி என்பதையும் சுட்டும். இணைப்பி கழன்றிருந்தாலும் பி0113 தோன்றும்.
3. எரிபொருள் திருத்த விழுக்காட்டை வண்டி நிற்கும்போதும், நிமிடத்துக்கு 2500 சுற்றுகளிலும் ஒப்பிட வேண்டும். நிற்கும்போது மிகுந்து, சுற்று கூடும்போது குறைந்தால் காற்றுக் கசிவு எனலாம். வேகத்திலும் மிகுந்தே இருந்தால், உணரி குறைத்துக் காட்டுகிறதா அல்லது எரிபொருள் வரத்து குறைவா என ஆராய வேண்டும்.
4. உணரியை அதற்கென உள்ள துப்புரவுத் தெளிப்பால் மட்டுமே தூய்மை செய்தல் வேண்டும், கம்பியைத் தொடலாகாது.
5. பழைய பெட்டியையும் குழாயையும் மீண்டும் பொருத்தி ஓட்டிப் பார்க்க வேண்டும். கோளாறு மறைந்தால் காரணம் உறுதியாகிறது. விலை கூடிய உதிரிபாகங்களை மாற்றும் முன் இச்சோதனையைச் செய்வது நன்று. ஆகவே பழைய பாகங்களை எறிந்துவிடக் கூடாது.

புதுக்கோட்டை மாவட்டச் சூழல்

புதுக்கோட்டை மாவட்டம் செம்மண்ணும் சரளை மண்ணும் மிகுந்த வறண்ட நிலப்பகுதி. கருங்கல் குவாரிகளும் கல் உடைக்கும் ஆலைகளும் இங்கு உள்ளன. கருங்கல் தூளில் அடங்கிய குவார்ட்சின் கடினத்தன்மை மோவின் அளவுகோலில் 7 ஆகும். வடிகட்டியைத் தாண்டும் இத்தூள் உருளையின் சுவரையும் பிஸ்டன் வளையங்களையும் தேய்க்கிறது.

இத்தேய்மானத்தைத் தொடக்கத்தில் எந்த எச்சரிக்கை விளக்கும் காட்டுவதில்லை. எண்ணெய் குறைதல், நீலப்புகை, அமுக்க அழுத்தம் குறைதல் ஆகியன தெரியும்போது சேதம் நிகழ்ந்திருக்கும். பழைய வடிகட்டியைத் திரும்பப் பொருத்துவதால் அது சரியாகாது. ஆகவே புதிய வடிகட்டி பொருத்திய சில நாட்களில், எந்திரத்தை நிறுத்திவிட்டு, வடிகட்டிக்குப் பின்னுள்ள குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்க்க வேண்டும். துணியில் புழுதி ஒட்டினால் வடிகட்டியோ அதன் இணைப்போ புழுதியை விடுகிறது என்பது தெளிவு.

வடகிழக்குப் பருவமழையின்போது, தாழ்வாகப் பொருத்திய வடிகட்டி சாலையில் தேங்கிய நீரை இழுக்கக்கூடும். நீரை அமுக்க இயலாது என்பதால் பிஸ்டனைத் தாங்கும் இணைதண்டு வளையும். நீரில் எந்திரம் நின்றுவிட்டால், அதை மீண்டும் இயக்க முயலக் கூடாது.

சட்டநிலை

1988 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆம் பிரிவு, உருவாக்குநர் குறித்த விவரங்களிலிருந்து வேறுபடும்படி ஊர்தியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 ஆம் ஆண்டுத் திருத்தம், அனுமதிக்கப்படாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் தண்டம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என விதித்தது.

இவற்றையும் பார்க்கவும்

* உள் எரி பொறி
* காற்று வடிகட்டி
* எரிபொருள் பீச்சல்